ஹைகேட் கல்லறைத் தோட்டம்: வரலாறும் கோத்திக் கட்டடக்கலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் நகரின் வடபகுதியில் உள்ள ஹைகேட் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அங்கே போய் வந்தவர்களும் போகவிருப்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். குறிப்பாக, அந்த இடம் முழுவதும் கோத்திக் என்னும் இடைக்கால ஐரோப்பியப் பாணியில் கட்டப்பட்டது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளிதானவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னரும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹைகேட் என்றால் கார்ல் மார்க்ஸ் கல்லறை இருக்கும் இடம்தானே? அதைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

1883-இல் இறந்த மார்க்ஸ் அடக்கம் செய்யப்பட்டது அங்கேதான். ஆனால் இன்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய தலைச்சிலை லாரன்ஸ் பிராட்ஷா என்ற சிற்பி செய்தது. அது 1956-இல்தான் நிறுவப்பட்டது. முதலில் வேறோர் ஒதுக்குப்புறமான குழியில் இருந்த உடல், 1954-இல் இப்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டது.

ஸ்வெய்ன்ஸ் லேன் என்னும் செங்குத்தான சாலை இந்தத் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குப் பகுதி 1839-இல் திறக்கப்பட்டது; அங்கே வரவேற்பு மிகுந்ததால் 1850களில் சாலைக்கு மறுபக்கம் கூடுதல் நிலம் வாங்கப்பட்டுக் கிழக்குப் பகுதி உருவானது. இரண்டும் சேர்ந்து சுமார் 37 ஏக்கர். ஏறத்தாழ 53,000 கல்லறைகளில் 1,70,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மார்க்ஸும் நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட்டும் கிழக்கில் இருக்கிறார்கள். அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே மேற்கில் இருக்கிறார். கட்டடக்கலையைப் பார்க்க வருபவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் மேற்கில்தான் இருக்கிறது என்பதால், கிழக்கை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புவது பாதி ஊரைப் பார்த்த கதைதான்.

இதைக் கட்டியது அரசாங்கமா, சர்ச்சா?

இரண்டும் இல்லை; பங்குதாரர்களைக் கொண்ட ஒரு வணிக நிறுவனம். 1836-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் தனிச் சட்டத்தால் உருவான லண்டன் செமட்டரி கம்பெனி, ஆஷர்ஸ்ட் என்ற பழைய மாளிகையைச் சேர்ந்த 17 ஏக்கர் மலைச்சரிவை 3,500 பவுண்டுக்கு வாங்கியது. நிறுவனத்தைத் தொடங்கியவரும் முதல் கட்டடக்கலைஞருமான ஸ்டீபன் கியரி அமைப்பை வகுத்தார். டேவிட் ராம்சே வளைந்து வளைந்து செல்லும் பாதைகளையும் நடவையும் திட்டமிட்டார். ஜேம்ஸ் பன்ஸ்டோன் பன்னிங் நிறுவனத்தின் அளவையாளராகச் சேர்ந்து கட்டடப் பணிகளைக் கவனித்தார். 1839 மே 20 அன்று லண்டன் பேராயர் சார்லஸ் புளோம்ஃபீல்டு நிலத்தைப் பிரதிஷ்டை செய்தார். அதே மாதம் 26-ஆம் தேதி முதல் அடக்கம் நடந்தது.

இந்த வணிகப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்வரும் பதில்கள் பலவும் விளங்கும். நிலத்தை விற்று லாபம் ஈட்ட வேண்டிய நிறுவனத்துக்கு, கட்டடங்கள் வழிபாட்டு இடங்களாக மட்டும் அமையவில்லை; வாடிக்கையாளரை ஈர்க்கும் விளம்பரமாகவும் அமைந்தன. கியரி அதற்குப் பொருத்தமான மனிதர். லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதிக்கு அந்தப் பெயர் வரக் காரணமான நான்காம் ஜார்ஜ் மன்னரின் நினைவுச்சின்னத்தை வடிவமைத்தவரும் அவரே. பலராலும் கேலி செய்யப்பட்ட அந்தச் சின்னம் 1845-இல் இடிக்கப்பட்டுவிட்டது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சர்ச் வளாகத்திலேயே புதைப்பதுதானே வழக்கம்? ஊருக்கு வெளியே ஏன் போனார்கள்?

இடம் இல்லாமல் போனதுதான் காரணம். 1801-இல் சுமார் 10 லட்சமாக இருந்த லண்டன் மக்கள்தொகை, 1851-க்குள் 23 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் சர்ச் வளாகங்களின் பரப்பு அப்படியே இருந்தது. பழைய குழிகளைத் தோண்டி, எஞ்சியவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிய உடல்களை வைத்தார்கள். ஈனன் சேப்பல் என்ற சிறிய வழிபாட்டிடத்தின் மரத்தளத்துக்குக் கீழே சுமார் 12,000 உடல்கள் திணிக்கப்பட்டிருந்த செய்தி, ஜார்ஜ் வாக்கர் என்ற அறுவை மருத்துவரின் முயற்சியால் வெளிவந்து நகரையே அதிரவைத்தது. 1832-ஆம் ஆண்டின் காலரா அச்சத்தை மேலும் கூட்டியது.

பாரிஸ் நகரம் 1804-இலேயே பெர் லஷேஸ் தோட்டத்தைத் திறந்து வழிகாட்டியிருந்தது. லண்டனில் 1833 முதல் 1841 வரையிலான காலத்தில் கென்சல் கிரீன், வெஸ்ட் நார்வுட், ஹைகேட், ஏப்னி பார்க், நன்ஹெட், பிராம்ப்டன், டவர் ஹாம்லெட்ஸ் என ஏழு தனியார் கல்லறைத் தோட்டங்கள் நகரைச் சுற்றித் தோன்றின. நெரிசல் மிக்க உள்நகர வளாகங்களை மூடுவதற்கான சட்டம் 1852-இல்தான் வந்தது.

ஒரு கட்டடம் கோத்திக் பாணியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வளைவைப் பாருங்கள். அரைவட்டமாக இல்லாமல் உச்சியில் கூர்மையாகச் சந்தித்தால் கோத்திக் என்று ஊகிக்கலாம். இந்தக் கூர்வளைவு அழகுக்காக மட்டும் வந்ததன்று. அரைவட்ட வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர்வளைவு அதைக் குறைத்துக் கீழ்நோக்கித் திருப்பும். கூரையின் பாரத்தைக் கல் விலா எலும்புகள் போன்ற வரிகளின் வழியே தூண்களுக்கு இறக்கி, மிஞ்சும் பக்கத் தள்ளுதலை வெளியிலிருந்து முட்டுச்சுவர்கள் தாங்கும்படி செய்ததால், சுவர் பாரம் சுமக்கும் வேலையிலிருந்து பெரும்பாலும் விடுபட்டது. அந்த இடத்தில் பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைத் திறக்க முடிந்தது. 1140களில் பாரிஸுக்கு அருகே சாந்தெனி ஆலயத்தில் இந்த உத்திகள் ஒன்றுசேர்ந்ததைத் தொடக்கமாகக் கொள்வது வழக்கம்.

ஹைகேட்டில் நீங்கள் காண்பது இந்தப் பாணியின் மிகப் பிந்தைய ஆங்கில வடிவமான டியூடர் கோத்திக்கை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு 19-ஆம் நூற்றாண்டினர் மீட்டெடுத்துக் கட்டியது. டியூடர் வளைவின் நுனி அவ்வளவு கூர்மையாக இருக்காது. அகன்று, தட்டையாகி, நடுவில் மட்டும் மெல்லக் குவியும். மதிலின் மேல்விளிம்பில் கோட்டைச் சுவர் போன்ற பற்கள், எண்கோணச் சிறுகோபுரங்கள் ஆகியவை மற்ற அடையாளங்கள்.

அப்படியானால் ஹைகேட் முழுவதுமே கோத்திக்தானே?

இல்லை. இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். மேற்குத் தோட்டத்தில் நிறுவனம் கட்டியவற்றுள் கோத்திக் என்று துணிந்து சொல்லக்கூடியவை இரண்டு: ஸ்வெய்ன்ஸ் லேன் பக்கமுள்ள வாயிலும் அதனோடு இணைந்த சிற்றாலயங்களும் ஒன்று, மலையின் மேல்முனையில் சவப்பெட்டிகளை வைப்பதற்காக உள்ள அடுக்கு நிலவறை மண்டபம் மற்றொன்று. இவற்றுடன் தனிக் குடும்பங்கள் எழுப்பிய சில கூர்முடிக் கல்லறைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். தோட்டத்தின் உச்சிக்கு மேலே வானில் நீளும் ஊசிக்கோபுரம் செயின்ட் மைக்கேல் ஆலயத்துடையது. லூயிஸ் வல்லியமி வடிவமைத்து 1832-இல் பிரதிஷ்டையான அந்தக் கோத்திக் ஆலயம் கல்லறைத் தோட்டத்துக்கு முந்தியது, அதன் எல்லைக்கு வெளியே நிற்பது. ஆனால் தோட்டத்துக்கென்றே கட்டியது போலக் காட்சியை முடித்துவைக்கிறது. கியரி அதைக் கணக்கில் கொண்டுதான் பாதைகளை மேலே இழுத்திருக்கிறார் என்பது என் கருத்து.

மற்றவையெல்லாம் வேறு பாணிகள். நடுவே உள்ள புகழ்பெற்ற வழி எகிப்தியப் பாணி. அதற்கடுத்து நிலவறைகள் வட்டமாக அமைந்த பகுதியின் உள்வரிசையும் எகிப்திய சாயல்தான். 1870களில் எதிரே சேர்த்த வெளிவரிசை கிரேக்க-ரோமானிய மரபு. கோத்திக் என்ற எண்ணத்தைத் தருவது கட்டடங்களைவிட மரமும் இருளும் பாசியும்தான். அவை எப்படி வந்தன என்பதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்தவர்களைப் புதைக்கும் இடத்தில் எகிப்திய வாயில் எப்படி வந்தது?

நெப்போலியனின் 1798-ஆம் ஆண்டுப் படையெடுப்புக்குப் பிறகு எகிப்தியப் பொருள்கள்மீது ஐரோப்பாவில் பெரும் மோகம் பரவியது. மரணத்துக்காகவே மாபெரும் கட்டடங்களை எழுப்பிய நாகரிகம் என்ற பெயர் எகிப்துக்கு இருந்ததால், கல்லறை வணிகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. ஹைகேட்டின் எகிப்திய வழியில், தாமரை மொட்டுத் தலைப்புகள் கொண்ட தூண்களும் இருபுறமும் ஒபெலிஸ்குகள் என்னும் கூர்நுனிக் கல்தூண்களும் நிற்கும் வாயிலைத் தாண்டினால், வரிசைக்கு எட்டாக 16 நிலவறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 12 சவப்பெட்டிகளை வைக்கலாம். இரும்புக் கதவுகளில் தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தீப்பந்தம் எகிப்தியச் சின்னம் அன்று, கிரேக்க-ரோமானியச் சின்னம். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அக்காலத்திலேயே எதிர்ப்பும் இருந்தது. கோத்திக்கே உண்மையான கிறிஸ்தவக் கட்டடக்கலை என்று வாதிட்ட கட்டடக்கலைஞர் பியூஜின், கல்லறை நிறுவனங்களின் எகிப்திய வாயில்களை 1843-இல் கேலிச்சித்திரமே வரைந்து சாடினார்.

கோத்திக் வேண்டுமா வேண்டாமா என்பதில் சண்டை இருந்ததா?

இருந்தது, ஹைகேட்டுக்கு முன்பே. கென்சல் கிரீன் தோட்டத்துக்காக 1832-இல் நடந்த போட்டியில் ஹென்றி எட்வர்ட் கெண்டலின் கோத்திக் வடிவமைப்புக்குத்தான் முதல் பரிசு. ஆனால் நிறுவனத்தின் தலைவர் சர் ஜான் பால் கிரேக்கப் பாணியை விரும்பியதால், ஜான் கிரிஃபித் என்பவரைக் கொண்டு அந்தப் பாணியிலேயே கட்டிவிட்டார்கள். 1837-இல் திறந்த வெஸ்ட் நார்வுட் தோட்டத்தில்தான் வில்லியம் டைட் கோத்திக்கை முழுமையாகக் கையாண்டார். இதற்கிடையில் 1834-இல் எரிந்துபோன நாடாளுமன்றத்தைக் கோத்திக் அல்லது எலிசபெத் காலப் பாணியில் கட்ட வேண்டும் என்று போட்டி நிபந்தனையே வந்துவிட்டதால், அந்தப் பாணிக்குத் தேசிய அந்தஸ்து கிடைத்தது. 1839-இல் கியரி ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் வாயிலுக்குக் கோத்திக், நடுவழிக்கு எகிப்தியம் எனக் கலந்து வைத்தது, எந்த வாடிக்கையாளரையும் இழக்க விரும்பாத வணிகரின் முடிவு.

வாயிலில் இரண்டு சிற்றாலயங்கள் ஏன்? ஒன்று போதாதா?

ஆங்கிலிக்கன் திருச்சபையினருக்கு ஒன்று, அதிலிருந்து விலகி நின்ற பிற கிறிஸ்தவப் பிரிவினருக்கு மற்றொன்று. 17 ஏக்கரில் 15 ஏக்கர் பிரதிஷ்டை செய்யப்பட்ட நிலம். எஞ்சிய 2 ஏக்கர் விலகி நின்றோருக்கு ஒதுக்கப்பட்டது. சாண்டிமேனியன் என்னும் சிறு பிரிவைச் சேர்ந்த ஃபாரடே 1867-இல் அடக்கமானது அந்த ஒதுக்குப் பகுதியில்தான்.

கட்டடக்கலை நோக்கில் சுவையானது, இரண்டையும் ஒரே கட்டடமாக இணைத்த விதம். நடுவே வண்டிகள் நுழையும் டியூடர் வளைவு, அதன்மேல் மணிக்கோபுரம், இருபுறமும் ஆலயங்கள். சாலையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பழைய கல்லூரி அல்லது கோட்டையின் நுழைவாயில் போலத் தோன்றும். உள்ளே நுழைந்ததும் சவ ஊர்திகள் திரும்புவதற்கான முற்றமும், அதைத் தழுவி நிற்கும் வளைந்த தூண்தொடரும் தோட்டத்தை மறைத்துவிடுகின்றன. தூண்தொடரின் நடுவே உள்ள படிகளில் ஏறிய பிறகே மரங்களும் கல்லறைகளும் கண்ணில் படும். என்னைக் கேட்டால், ஹைகேட்டில் மிகத் திறமையாகச் சிந்தித்துக் கட்டிய பகுதி இதுதான்; பலரும் நுழைவுச்சீட்டு வாங்கும் அவசரத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள்.

ஆலயம் மேற்கில், கல்லறை கிழக்கில் என்றால் சவப்பெட்டி சாலையைக் கடந்தா போனது?

இல்லை, சாலைக்கு அடியில் போனது. பிரார்த்தனை முடிந்ததும் சவப்பெட்டி நீரழுத்த விசையால் ஆலயத் தளத்திலிருந்து கீழே இறக்கப்பட்டு, ஸ்வெய்ன்ஸ் லேனுக்கு அடியில் வெட்டிய சுரங்கவழியாகக் கிழக்குத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிரதிஷ்டை செய்யப்பட்ட நிலத்தை விட்டு வெளியேறாமலேயே பயணம் முடிய வேண்டும் என்பது நோக்கம்.

நிலவறை மண்டபம் என்பது ரோம் நகரில் இருப்பது போன்ற சுரங்கமா?

பெயரால் அப்படி எண்ணத் தோன்றும், அமைப்பு வேறு. ரோமில் இருப்பவை பாறையைக் குடைந்த நீண்ட சுரங்கங்கள். ஹைகேட்டின் அடுக்கு நிலவறைகள், ஆஷர்ஸ்ட் மாளிகையின் பழைய மேட்டுத் தளத்தைப் பயன்படுத்தி, மலைச்சரிவுக்குள் செருகிக் கட்டிய செங்கல் மண்டபம். சுமார் 73 மீட்டர் நீளமுள்ள முன்புறம் கோத்திக் பாணியில் இருக்கிறது. உள்ளே 55 நிலவறைகள். ஒவ்வொன்றிலும் 15 பேர் வீதம் 825 பேருக்கு இடம். கூரையில் பதித்த சிறு வட்டக் கண்ணாடிகளின் வழியே மட்டுமே வெளிச்சம் இறங்கும். மண்ணில் புதைக்காமல் மாடத்தில் வைப்பதால், மரப்பெட்டி, ஈயப்பெட்டி, மீண்டும் மரப்பெட்டி என மூன்றடுக்குச் சவப்பெட்டி தேவைப்பட்டது. ஆகவே வசதி படைத்தவர்களுக்கே இது கட்டுப்படியானது.

மண்டபத்தின் கூரை, மேலே ஓர் உலாத்தளமாகவும் பயன்பட்டது. அங்கிருந்து லண்டன் நகரம் முழுவதையும் பார்க்கலாம் என்பது அக்காலத்தில் பெரிய ஈர்ப்பு.

அந்த மேட்டில் பெரிய கோபுரம் போன்ற ஒரு கல்லறை நிற்கிறதே, அதுதானே சிறந்த கோத்திக் எடுத்துக்காட்டு?

நீங்கள் குறிப்பிடுவது ஜூலியஸ் பீரின் சமாதி மண்டபம். அது கோத்திக் இல்லை. பண்டைய ஹாலிகார்னசஸ் நகரின் சமாதியை முன்மாதிரியாகக் கொண்ட, படிக்கட்டுப் பிரமிடுக் கூரையுள்ள கட்டடம். பிராங்பர்ட்டில் பிறந்து லண்டன் பங்குச்சந்தையில் செல்வம் சேர்த்த பீர், சிறுவயதிலேயே இறந்த தம் மகள் ஏடாவுக்காக 1870களின் பிற்பகுதியில் இதை எழுப்பினார். சிறுமியை வானதூதர் தூக்கி எழுப்பும் சிற்பத்தைச் செய்தவர் ஹென்றி ஹியூ ஆர்ம்ஸ்டெட். வேடிக்கை என்னவென்றால், இதை வடிவமைத்த ஜான் ஓல்ட்ரிட் ஸ்காட், விக்டோரியா காலக் கோத்திக்கின் பெரும்புள்ளியான சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டின் மகன். முந்தைய பதிலில் சொன்ன உலாத்தளத்தின் காட்சியை மறைக்கும் இடத்தில் பீர் இதைக் கட்டியதைப் பலர் அன்றே ரசிக்கவில்லை.

உடைந்த தூண், துணி போர்த்திய கலசம், தேவதை இவையெல்லாம் கோத்திக் சின்னங்களா?

பெரும்பாலும் இல்லை. பாதியில் உடைந்த தூண் முடிவதற்கு முன்பே அறுந்த வாழ்வைக் குறிக்கும். துணி போர்த்திய கலசம் துக்கத்தின் சின்னம். இரண்டும் கிரேக்க-ரோமானிய வழி வந்தவை. சிலருடைய சின்னங்கள் எந்த மரபிலும் அடங்காதவை: விலங்குக் காட்சி நடத்திய ஜார்ஜ் வோம்ப்வெல்லின் கல்லறைமேல் ஒரு கல் சிங்கம் படுத்திருக்கிறது, குத்துச்சண்டை வீரர் டாம் சேயர்ஸின் கல்லறைக்கு அவருடைய நாய் காவல் இருக்கிறது.

அந்த இருளடைந்த காட்டுத் தோற்றம் தொடக்கத்திலேயே திட்டமிட்டதா?

இல்லை; பணம் தீர்ந்ததால் வந்தது. தொடக்கத்தில் ஹைகேட் வெட்டிச் செதுக்கிய மலர்ப் படுகைகளும் திறந்த காட்சிகளும் கொண்ட பராமரிப்பு மிக்க தோட்டம். நிலம் விற்றுத் தீர்ந்தால் வருமானம் நின்றுவிடும், ஆனால் பராமரிப்புச் செலவு நிற்காது என்பது இத்தகைய நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான குறை. 20-ஆம் நூற்றாண்டில் ஆள் குறைந்தது. தானாக முளைத்த சைகமோர், ஆஷ் மரங்கள் கல்லறைகளைப் பிளந்து வளர்ந்தன. ஐவிக் கொடி எழுத்துகளை மூடியது. 1975-இல் மேற்குப் பகுதி மூடப்பட்டது.

அதே ஆண்டு ஹைகேட் கல்லறைத் தோட்ட நண்பர்கள் என்ற தன்னார்வ அமைப்பு உருவானது. 1981-இல் தோட்டத்தின் உரிமை வெறும் 50 பவுண்டுக்குக் கைமாறி அந்த அமைப்பின் பொறுப்பில் வந்தது. அவர்கள் காட்டை முழுவதும் அழித்து 1839-க்குத் திரும்பவில்லை. இடிபாட்டைத் தடுத்து, காட்டின் தோற்றத்தைக் காத்தார்கள். அது சரியான முடிவுதான் என்றாலும், அதனால்தான் எகிப்திய வாயிலையும் கிரேக்கச் சமாதியையும் பார்த்து ‘என்ன அருமையான கோத்திக்!’ என்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரத்தக் காட்டேரி உலாவியது உண்மையா?

உலாவியது வதந்திதான். பராமரிப்பின்றிக் கிடந்த காலத்தில், 1970 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடர்ந்து காட்டேரியைப் பிடிக்கப் பெருங்கூட்டம் மதிலேறிக் குதித்தது. அந்த ஆண்டுகளில் நிலவறைகள் உடைக்கப்பட்டதும் உடல்கள் சிதைக்கப்பட்டதும்தான் உண்மையான இழப்பு.

கற்பனை தேவைப்படாத ஒரு நிகழ்வு அங்கே நடந்திருக்கிறது. ஓவியரும் கவிஞருமான ரோசெட்டி, 1862-இல் இறந்த தம் மனைவி எலிசபெத் சிடலின் சவப்பெட்டியில் தம் கவிதைக் கையெழுத்துப்படியை வைத்துப் புதைத்தார். 1869-இல் மனம் மாறி, இரவில் கல்லறையைத் திறக்கச் செய்து அதை மீட்டுக்கொண்டார்.

1839-இல் கட்டியதை எப்படிக் கோத்திக் என்பது? வெறும் போலிதானே?

கட்டுமான முறையை அளவுகோலாகக் கொண்டால் உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. முன்னர் விளக்கிய பாரப் பகிர்வு எதுவும் ஹைகேட் வாயிலில் நடக்கவில்லை. அங்கே சுவர்கள் சாதாரணமாகவே பாரம் தாங்குகின்றன, கோத்திக் என்பது மேலே அணிந்த உருவம். உச்சியிலுள்ள சிறுகோபுரங்கள் மரத்தாலானவை. பியூஜின் போன்றவர்கள் வலியுறுத்திய கட்டுமான நேர்மை என்ற சோதனையில் இது தேறாது.

ஆனால் மீட்டுருவாக்கக் கோத்திக் ஒவ்வொன்றையும் இடைக்காலப் பேராலயங்களோடு நிறுத்திப் பார்ப்பது நியாயமன்று. வாயிலுக்கு இருந்த வேலை, சாலையின் இரைச்சலிலிருந்து வருபவரைச் சில அடிகளுக்குள் வேறொரு மனநிலைக்கு மாற்றுவது. அந்த வேலையை அது இன்றும் செய்கிறது. எனவே கட்டுமானமாகப் போலி, நுழைவாயிலாக வெற்றி என்பதே என் தீர்ப்பு.

வட்டத்தின் நடுவில் இருந்த பெரிய மரம் இப்போதும் இருக்கிறதா?

இல்லை. லெபனான் கேதுரு இனத்தைச் சேர்ந்த அந்த மரம் ஆஷர்ஸ்ட் மாளிகைக் காலத்திலிருந்தே நின்றது. கியரி அதை வெட்டாமல், அதைச் சுற்றி மண்ணைத் தோண்டி 20 நிலவறைகளை வட்டமாக அமைத்தார். ஆகவே மரம், நிலவறைகளின் கூரைமேல் வைத்த பெரிய தொட்டியில் வளர்ந்தது போலத் தோன்றியது. நோய் முற்றி விழும் அபாயம் ஏற்பட்டதால் 2019-இல் அது வெட்டப்பட்டு, அதன் இடத்தில் இளங்கேதுரு நடப்பட்டது.

இன்றும் அங்கே அடக்கம் செய்கிறார்களா? பழைய கல்லறைகளை மறுபடி பயன்படுத்துவார்களா?

அடக்கம் இன்றும் நடக்கிறது. 2022-இல் நிறைவேறிய தனிச் சட்டம், 75 ஆண்டுகளுக்கு மேல் அடக்கம் நடைபெறாத, உரிமை கோருவாரற்ற கல்லறைகளை, முன்னறிவிப்புக் கொடுத்த பின் மீண்டும் பயன்படுத்த அனுமதிக்கிறது. உரியவர்கள் மறுத்தால் தொட முடியாது. நிலம் தீர்ந்ததும் வருமானம் நின்ற பழைய சிக்கலுக்கு இது ஒரு தீர்வு.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. கோத்திக்கை மட்டும் பார்க்க எங்கே போவது?

சாலையிலேயே ஐந்து நிமிடம் நின்று வாயிலின் தட்டை வளைவையும் மதிற்பற்களையும் பாருங்கள். பிறகு முற்றத்தின் படிகளில் ஏறி, எகிப்திய வழியையும் வட்டத்தையும் ஒப்பீட்டுக்காகக் கடந்து, நிலவறை மண்டபத்தின் முன்புறத்துக்குப் போங்கள். அங்கிருந்து நிமிர்ந்தால் செயின்ட் மைக்கேல் ஊசிக்கோபுரமும் சேர்ந்து தெரியும். நுழைவு ஏற்பாடுகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; சவ ஊர்வலம் வந்தால் கேமராவை இறக்கிவிட்டு வழிவிடுங்கள்.